பழைய 4×4 ஏ.டி.வி.: வாங்கும்முன் எங்கே கை வைத்துப் பார்ப்பது, வாங்கியதும் எதை முதலில் மாற்றுவது?

செம்மண்மேடு | சுங்கை சிப்புட்

வணக்கம். 12 ஏக்கர் செம்பனை. பாதி சமநிலம், பாதி படிவரிசை வெட்டிய மேடு. நடுவே ஓர் ஓடை, மழைக் காலத்தில் முழங்காலைத் தாண்டி வரும். உர மூட்டை ஏற்ற, மருந்தடிக்க, வெட்டிப்போட்ட குலையை லோரி வரும் பாதைக்குக் கொண்டுவர ஓர் ஏ.டி.வி. (கரடுமுரடான நிலத்தில் ஓடும் நாலு சக்கர வண்டி) வேண்டும். புது வண்டி வாங்க வழியில்லை. இரண்டு பழசு பார்வையில் இருக்கின்றன.

ஒன்று ஹோண்டா டி.ஆர்.எக்ஸ். 420. காலால் கியர் போடுவது, பின்னால் ஒரே எக்சல். இன்னொன்று யமஹா கிரிஸ்லி 450, பெல்ட் வண்டி, கியர் மாற்றத் தேவையில்லை. இரண்டும் ஸ்டார்ட் ஆகின்றன, ஓடுகின்றன. விற்பவர்கள் இருவரும் "எண்ணெய் மாத்தியாச்சு, அப்படியே ஓட்டலாம்" என்கிறார்கள்.

மேட்டுக்கு எது நல்லது? பார்க்கப் போகும்போது கையில் என்ன கொண்டுபோக வேண்டும்? காகிதம் என்ன கேட்பது? வாங்கியபின் மிஞ்சும் காசை டயரில் போடுவதா, விஞ்சில் (சேற்றில் மாட்டினால் வண்டியை இழுக்கும் வடச்சுருள்) போடுவதா?


ஸ்பேனர்14 | ஈப்போ

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன் அண்ணே. டயரும் வேண்டாம், விஞ்சும் வேண்டாம். முதல் செலவு எண்ணெய், சீல், பேரிங், எக்சல் ரப்பர் உறை. பழைய ஏ.டி.வி. இஞ்சினால் சாவது குறைவு. தண்ணீரும் சேறும் போய் உட்காரும் இடங்களில்தான் சாகிறது, அந்த இடமெல்லாம் கண்ணுக்கு வெளியே தெரியாது.

கொண்டுபோக வேண்டியவை: ஜாக், டார்ச், மல்ட்டிமீட்டர், ஒரு வெள்ளைத் துணி, ஸ்பேனர் செட், மருந்துக்கடையில் கிடைக்கும் பெரிய ஊசிக்குழாய், அதன் முனையில் மாட்ட ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாய். வண்டியைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முதல்நாளே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இஞ்சின் தயங்கும் குறையைச் சூடு மறைத்துவிடும்.

முதலில் சீட்டைத் தூக்கி ஏர்ஃபில்டர் பெட்டியைத் திறங்கள். ஃபில்டரைக் கழற்றி, அதற்குப் பின்னால் இஞ்சினுக்குப் போகும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் செம்மண் தூள் ஒட்டினால் அந்த இஞ்சின் மண் தின்றிருக்கிறது. ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கும். விலை பேசாமல் திரும்பிவிடலாம்.

அடுத்தது முன், பின் டிஃபரன்ஷியல் (எக்சலைச் சுழற்றும் கியர் பெட்டி) எண்ணெய். நிரப்பும் மூடியைக் கழற்றி, ஊசிக்குழாயின் குழாயை அடிமட்டம் வரை விட்டு உறிஞ்சுங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், அடியில்தான் தேங்கும். மேலே பார்த்தால் நல்ல எண்ணெய் மாதிரியே தெரியும். தே தாரே (ஆற்றிய பால் டீ) நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர். மினுமினுவென்று மாவு போலத் தூள் மட்டும் என்றால் வழக்கமான தேய்மானம். விரலில் நெருடும் துணுக்கு வந்தால் பல் உடைகிறது.

பிறகு முன்பக்கத்தை ஜாக்கில் ஏற்றி, சக்கரத்தைக் கடிகாரத்தின் 12, 6 நிலையில் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால், இன்னொருவரை முன் பிரேக்கைப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் குறை சக்கர பேரிங்கில். நிற்காவிட்டால் பால் ஜாயின்ட் அல்லது ஆர்ம் புஷ். 9, 3 நிலையில் ஆடினால் டை ராட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) முனை. இந்த மூன்றும் மாற்றக்கூடிய சாமான்தான், அதனால் வண்டியை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

ஸ்டார்ட் செய்தபின் ரேடியேட்டர் விசிறி தானாகச் சுற்றும்வரை ஐட்லிங்கில் விடுங்கள். விசிறி சுற்றாமலே சூடு ஏறிக்கொண்டு போனால் நிறுத்திவிடுங்கள். ரிசர்வ் பாட்டிலில் தொடர்ந்து குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கெட் மேல் சந்தேகம். புகை நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் கூலன்ட் உள்ளே போகிறது.

மல்ட்டிமீட்டரில், இரவு முழுக்க நின்ற பேட்டரி 12.6 முதல் 12.8 வோல்ட் காட்ட வேண்டும். இஞ்சினைக் கொஞ்சம் முறுக்கினால் 14 வோல்ட் பக்கம் வர வேண்டும். ஏறவே இல்லை என்றால் சார்ஜ் செய்யும் ஸ்டேட்டர் அல்லது ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது.

அடித்தகட்டைக் கழற்ற விட்டால் கழற்றிப் பாருங்கள். ஃபிரேமில் ஆர்ம் மாட்டும் இடமும், பின்கொக்கி இருக்கும் இடமும்தான் வெடிக்கும். அங்கே மட்டும் புதுக் கறுப்புப் பெயின்ட் பளபளத்தால் சுரண்டிப் பாருங்கள்.


கிராணிவீடு | கோல கங்சார்

காகிதம் பற்றி மட்டும். ஏ.டி.வி.க்கு ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்துத் துறை) பதிவு கிடையாது. நம்பர் பிளேட், கிரான் (வண்டி உரிமைப் பத்திரம்), ரோட் டெக்ஸ் எதுவும் எடுக்க முடியாது, பொதுச்சாலையில் ஓட்டவும் கூடாது. தோட்டத்திலிருந்து பட்டணத்துச் சாமான் கடைக்கு ஓட்டிப் போகலாம் என்று நினைக்க வேண்டாம். சாலையைக் கடந்து இன்னொரு துண்டுக்குப் போவதென்றாலும் லோரியில் ஏற்றுங்கள்.

கிரான் இல்லாத வண்டி என்பதால் யாருடையது என்று காட்ட விற்பனை ரசீது முக்கியம். இறக்குமதி வண்டி என்றால் சுங்கத்துறையின் கே1 பாரத்தின் நகலைக் கேளுங்கள். ஃபிரேம் எண்ணும் இஞ்சின் எண்ணும் அதில் உள்ளதோடு பொருந்த வேண்டும். ஃபிரேம் எண் சுரண்டப்பட்டிருந்தால் விலை எவ்வளவு மலிவானாலும் தொடாதீர்கள். விற்பவரின் ஐ.சி. (அடையாள அட்டை) விவரத்தோடு இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட சீட்டு ஒன்று எழுதி வைத்துக்கொள்வது நல்லது.


சதுப்புக்காடு | பாகான் டத்தோ

மேட்டுக்கு பெல்ட் வண்டி வேண்டாம் என்று யாராவது சொல்வதற்கு முன் நான் சொல்லிவிடுகிறேன். கிரிஸ்லியில் ஹை, லோ என்று இரண்டு ரேஞ்ச் இருக்கிறது. பளுவோடு மெதுவாகப் போகும்போது லோ போட்டு ஓட்டினால் பெல்ட் வருஷக் கணக்கில் நிற்கும். பெல்ட்டை எரிப்பது ஹை ரேஞ்சில் மூட்டையோடு ஊர்ந்து ஏறுவது. புல்லி சுற்றும், பெல்ட் வழுக்கும், சூட்டில் பக்கவாட்டு கண்ணாடி மாதிரி ஆகிவிடும், அதற்குப் பிறகு எப்போதும் வழுக்கும். கியர் மாற்றுகிற வேலை இல்லாததால் படிவரிசையில் கவனம் முழுக்க ஸ்டியரிங்கிலேயே இருக்கும். இது சின்ன விஷயம் இல்லை.

பழைய பெல்ட் வண்டி பார்க்கும்போது பெல்ட் பெட்டியைத் திறந்து பார்க்காமல் வாங்கவே வாங்காதீங்க. பெல்ட் அகலத்தை வெர்னியரில் அளந்து, அந்த மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள குறைந்தபட்ச அளவோடு ஒப்பிடணும். உள்பக்கப் பற்களுக்கு நடுவே வெடிப்பு, ஒரு இடத்தில் மட்டும் குழிவு, கருகிய வாடை, இதில் ஒன்று இருந்தாலும் புது பெல்ட் விலையைக் கழித்துப் பேசுங்க. ஒரு இடத்தில் மட்டும் குழிவு என்றால் வண்டி மாட்டிக்கொண்டு நகராதபோது முறுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பெல்ட் மாற்றும்போது புல்லி முகத்தை பிரேக் கிளீனர் போட்டுத் துடைக்கணும். கிரீஸ் பட்ட விரலால் புது பெல்ட்டைத் தொடக்கூடாது. அம்புக்குறி இருந்தால் சுற்றும் திசைக்கு வைக்கணும். பெட்டியின் அடியில் ஒரு வடிகால் அடைப்பு இருக்கும். தண்ணீர் போய்விட்டால் அதைக் கழற்றி வடித்துவிட்டு, நியூட்ரலில் முறுக்கிக் காய வைக்கலாம்.


ஸ்பேனர்14 | ஈப்போ

சதுப்புக்காடு சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் யார் ஓட்டப் போகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். சொந்தக்காரர் மட்டும் ஓட்டினால் கிரிஸ்லி நல்ல வண்டி. வேலைக்கு வரும் நாலு பேர் மாறி மாறி ஓட்டினால் லோ ரேஞ்சை யாரும் ஞாபகம் வைக்கப் போவதில்லை. அப்படிப்பட்ட இடத்துக்கு ஹோண்டாதான் என் வாக்கு. முதல் கியர் ரொம்பக் குறுகியது, ஊர்ந்து ஏறும். பெல்ட் இல்லை, செயின் இல்லை, முன்பின் இரண்டுக்கும் ஷாஃப்ட்.

அந்த 420இல் கையில் கிளட்ச் லீவர் கிடையாது. கியரை மிதிக்கும்போது கிளட்ச் தானே விலகும். அதனால் கிளட்ச் அட்ஜஸ்ட் தப்பியிருந்தால் கியர் இடிக்கும், நியூட்ரல் சிக்காது, அல்லது பளுவில் வழுக்கும். பாதிப் பேர் கியர்பாக்ஸ் போச்சு என்று வண்டியை விற்பது இதனால்தான்.

சரிசெய்வது 5 நிமிட வேலை. இஞ்சினை நிறுத்துங்கள். கிளட்ச் உறையில் லாக்நட் போட்ட ஒரு ஸ்குரு இருக்கும். லாக்நட்டைத் தளர்த்தி, ஸ்குருவை இடப்பக்கமாக, லேசாகத் தடை தெரியும்வரை மெதுவாகத் திருப்புங்கள். தடை தெரிந்த இடத்திலிருந்து வலப்பக்கமாகக் கால் சுற்று. அந்த நிலையிலேயே ஸ்குருடிரைவரை அசையாமல் பிடித்துக்கொண்டு லாக்நட்டை இறுக்குங்கள். ஸ்குரு கூடவே சுற்றிவிட்டால் திரும்ப முதலிலிருந்து.


செம்மண்மேடு | சுங்கை சிப்புட்

நன்றி. கிரிஸ்லியில் பெல்ட் பெட்டியைத் திறக்க விடவில்லை, அதனால் அது போயிற்று. ஹோண்டாவில் பார்த்தது:

ஃபில்டருக்குப் பின்னால் துணி சுத்தம். விசிறி சுற்றுகிறது, புகை இல்லை. பேட்டரி 12.2, முறுக்கினால் 14.1. முன் டிஃப் எண்ணெய் கறுப்பு, தண்ணீர் இல்லை. பின் டிஃப் சரியாக தே தாரே. இடது முன்சக்கரம் 9, 3இல் ஆடுகிறது. அதே பக்கம் வெளி ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறது, ஆனால் முழுக்கத் திருப்பி ஓட்டினால் டக் டக் சத்தம் இல்லை. கியர் இடித்தது. கால் சுற்று வித்தையில் சரியாகிவிட்டது. கே1 நகல் இருக்கிறது, எண் பொருந்துகிறது.

இவற்றைச் சொல்லி விலை குறைத்து வண்டியை எடுத்தாகிவிட்டது. இப்போது பின் டிஃப்பை எப்படிச் சுத்தம் செய்வது? ரப்பர் உறையை மட்டும் மாற்றினால் போதுமா?


ஸ்பேனர்14 | ஈப்போ

நல்ல முடிவு. பின் டிஃப்:

சமதரையில் நிறுத்தி, 10 நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். வடிக்கும் போல்ட்டைத் தொடும்முன் நிரப்பும் மூடியைத் திறந்துவிடுங்கள். எப்போதும் இந்த வரிசைதான். மூடி துருப்பிடித்து வராது என்று எண்ணெயை வடித்த பிறகு தெரிந்தால் வண்டி அங்கேயே நிற்கும்.

வடித்த பிறகு மலிவான 80டபிள்யூ-90 கியர் எண்ணெய் ஊற்றி, 2 கிலோமீட்டர் பளு இல்லாமல் ஓட்டி, சூட்டோடு வடியுங்கள். மறுபடி பால் நிறம் வந்தால் இன்னொரு முறை. நிறம் தெளிந்த பிறகே நல்ல ஹைப்பாய்டு கியர் எண்ணெய். அளவு, நிரப்பும் துளையின் கீழ் விளிம்பு வரை, அல்லது லெவல் போல்ட் இருந்தால் அதில் வழியும்வரை. பின்பக்கம் பிடிக்கும் அளவு கொஞ்சம்தான், ஒரு லிட்டர் டின் மூன்று முறைக்கும் தாராளம். வாஷரைப் புதுசாகப் போடுங்கள்.

எண்ணெயை மாற்றிவிட்டு விட்டுவிட்டால் அடுத்த மழையில் மறுபடி தே தாரேதான். தண்ணீர் வந்த வழியைக் கண்டுபிடியுங்கள். டிஃப்பிலிருந்து மேலே ஏறும் மூச்சுக்குழாய் ஒன்று இருக்கும். அதைக் கழற்றி வாயால் ஊதுங்கள். காற்று தடையில்லாமல் போக வேண்டும். நம் பக்கத்தில் அதை அடைப்பது சேறு மட்டுமில்லை, குளவி மண்கூடும்தான். குழாய் அடைத்திருந்தால் என்ன ஆகும் என்றால், சூடான டிஃப் குளிர்ந்த ஓடையில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கும். சுருங்கிய இடத்தை நிரப்பக் காற்று குழாய் வழியே வர முடியாது, எக்சல் சீல் உதட்டைத் தாண்டித் தண்ணீர் வரும். சீல் புதுசாக இருந்தாலும் உறிஞ்சும். ஆகவே முதலில் குழாய், பிறகு சீல்.

குழாய் சுத்தமாக இருந்தும் தண்ணீர் என்றால் எக்சல் சீலைக் கழற்றி, சீல் உரசும் இடத்தில் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டும் பள்ளம் இருந்தால் புதுச் சீலும் ஒழுகும்.


தாமரைமதகு | தெலுக் இந்தான்

ரப்பர் உறை கேள்விக்கு. சத்தம் இல்லை என்றால் உறைக்குள் இருக்கும் ஜாயின்ட் (எக்சல் மூட்டு) இன்னும் தப்பித்திருக்கிறது, உறையும் கிரீஸும் மாற்றினால் போதும். சத்தம் வந்துவிட்ட ஜாயின்டுக்குப் புது உறை போடுவது வீண், முழு எக்சலையே மாற்ற வேண்டும்.

சக்கரத்தைக் கழற்றி, ஹப் நட்டின் பின்னை எடுத்து நட்டைக் கழற்றுங்கள். பால் ஜாயின்டை விடுவித்து நக்கிளை (ஹப்பைத் தாங்கும் பாகம்) வெளியே சாய்த்தால் எக்சல் வெளி முனை வந்துவிடும். உள்முனை டிஃப்புக்குள் ஒரு வளையத்தில் பிடித்திருக்கும். நேராக, சட்டென்று ஒரே இழுப்பு. சாய்த்து நெம்பினால் டிஃப் சீல் கிழியும். கிழிந்த உறையை வெட்டி எடுத்து, பழைய கிரீஸைக் கெரசினில் முழுக்கக் கழுவிக் காய வையுங்கள். மண் ஒரு துளி மிஞ்சினாலும் அது அரைத்துக்கொண்டே இருக்கும். குண்டுகள் ஓடும் பள்ளத்தில் குழியோ நீலநிறமோ இருக்கிறதா பாருங்கள்.

கிட்டில் வரும் கிரீஸ் பாக்கெட்டை முழுக்கப் போடுங்கள், பாதி ஜாயின்டுக்குள் அழுத்தி, மீதி உறைக்குள். சாதாரண வெள்ளை லித்தியம் கிரீஸ் இதற்கு ஆகாது, மாலிப்டினம் கலந்த ஜாயின்ட் கிரீஸ்தான். கிளாம்ப்பை இறுக்கும்முன் உறையின் சின்ன வாய்க்குள் மெல்லிய ஸ்குருடிரைவரை விட்டு உள்காற்றை வெளியேற்றுங்கள். காற்று அடைந்து உப்பிய உறை மடிப்பில் உரசி மறுபடி கிழியும்.

செம்பனைத் தோட்டத்தில் உறை கிழிவதற்குக் காரணம் பெரும்பாலும் வெட்டிப்போட்ட மட்டையின் முள். மட்டை அடுக்கிய வரிசையில் ஏற்றாமல் ஓட்டினாலே பாதி பிரச்சினை போகும். ஆர்ம் மேல் பிளாஸ்டிக் காப்புத்தகடு மாட்டினால் மீதியும் குறையும். டயரிலும் அந்த முள்தான் ஏறுகிறது. டியூப் இல்லாத டயருக்குக் கயிறு பிளக் கிட் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உரம் ஏற்றிய நாளில் ராக்கையும் அதன் அடியில் உள்ள ஃபிரேமையும் அன்றைக்கே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பொட்டாஷ் உரம் குளோரைடு உப்பு. ஈரத்தில் கரைந்து இரும்பை உப்புத்தண்ணீர் மாதிரியே தின்னும். மூட்டை கிழிந்து சிந்தியது பேட்டரிப் பெட்டிக்குள்ளும் வயர் கனெக்டருக்குள்ளும் போய் உட்காரும்.


மழைக்காலம்98 | சுங்கை சிப்புட்

கழுவுவதற்கு வாட்டர் ஜெட் போதுமே அக்கா, அஞ்சு நிமிஷ வேலை. எண்ணெய்க்கும் காருக்கு ஊற்றும் 20டபிள்யூ-50யே போதும், சூடான ஊர் தானே. டயர் 27 அங்குலம் போட்டால் ஓடையில் உயரமும் கிடைக்கும் லா.


ஸ்பேனர்14 | ஈப்போ

மூன்றுமே வேண்டாம் தம்பி, காரணத்தோடு சொல்கிறேன்.

ஜெட் தண்ணீர் சீல் உதட்டைத் தூக்கிக்கொண்டு பேரிங்குக்குள் போகும். ரேடியேட்டர் துடுப்பை மடக்கிவிடும். சாதாரணக் குழாய்த்தண்ணீர், பிரஷ், பொறுமை. ரேடியேட்டரில் சேற்றை இஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தள்ளிக் கழுவ வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் சேறு இன்னும் உள்ளேதான் போய் அடையும். விசிறி சுற்றியும் சூடு ஏறுகிறது என்றால் பத்தில் எட்டுக்கு இதுதான்.

எண்ணெய்: ஹோண்டாவில் இஞ்சின், கிளட்ச், கியர் மூன்றும் ஒரே எண்ணெயில் குளிக்கின்றன. எரிபொருள் சிக்கனத்துக்கென்று வழுக்கும் சேர்க்கை கலந்த கார் எண்ணெய் கிளட்ச் தட்டை வழுக்க வைக்கும். டின்னில் ஜாசோ எம்.ஏ. (எண்ணெயில் குளிக்கும் கிளட்சுக்கான தரக்குறி) என்று போட்ட 10டபிள்யூ-40 மோட்டார்சைக்கிள் எண்ணெய் வாங்குங்கள். அளவுகோலைத் திருகி இறுக்காமல், துளையில் சும்மா வைத்து எடுத்துப் பாருங்கள். 100 மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது நல்ல தரைக்குச் சொன்ன கணக்கு. சேறும் ஓடையும் உள்ள தோட்டத்துக்கு 50 மணி. மீட்டரில் மணிக்கணக்கு இருக்கிறது, அதைப் பாருங்கள், மாதத்தைப் பார்க்க வேண்டாம்.

டயர்: பெரிய டயர் போட்டால் கியர் விகிதமே உயர்ந்துவிடும், மேட்டில் இழுவை குறையும், கிளட்சும் எக்சலும் தாங்காது. கனமும் உயரமும் கூடினால் சாயும் ஆபத்தும் கூடும். முன்பின் சுற்றளவு பொருந்தாவிட்டால் 4×4 போட்டதும் முன் டிஃப்பும் பின் டிஃப்பும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். அதே காரணத்தால்தான் தார்ச்சாலையில் 4×4இல் ஓட்டக் கூடாது. மண்ணில் சக்கரம் வழுக்கி அந்த இழுவையை விட்டுவிடும், தாரில் விடாது.


மேட்டுநிலம் | தாப்பா

காற்றைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 420க்கு 4.4 பி.எஸ்.ஐ., அதாவது 30 கிலோபாஸ்கல். தப்பாக அச்சடித்தது இல்லை. எண்ணெய் நிலையத்து மீட்டர் இவ்வளவு குறைவாகக் காட்டாது. ஏ.டி.வி.க்கென்று விற்கும் குறை அழுத்த மீட்டர் வாங்குங்கள். அதை விட்டு 20 போட்டால் வண்டி கல்லில் துள்ளும், பிடிப்பு இருக்காது, சரிவில் கவிழ்க்கும். இடம் வலம் வித்தியாசம் இருந்தால் ஸ்டியரிங் ஒருபக்கம் இழுக்கும்.

பளு இன்னும் முக்கியம். 420இன் முன் ராக் 30 கிலோ, பின் ராக் 60 கிலோ. உர மூட்டை 50 கிலோ. ஆக பின்னால் ஒரு மூட்டை, அவ்வளவுதான். இரண்டாவது மூட்டையை ஏற்றினால் முன்சக்கரம் லேசாகி, மேட்டில் ஸ்டியரிங் கேட்காது, பின்பக்கமாகப் புரளும். மருந்துத் தொட்டியிலும் இதே கணக்கு. 100 லிட்டர் தொட்டி என்றால் தண்ணீர் மட்டுமே 100 கிலோ. 60க்குள் நிற்க வேண்டுமானால், தொட்டியும் பம்பும் சேர்த்து, 40 முதல் 45 லிட்டர் வரைதான். பாதி நிரம்பிய தொட்டி இன்னும் மோசம், சரிவில் தண்ணீர் தாழ்ந்த பக்கம் ஓடி வண்டியையும் கூட இழுக்கும். உள்ளே தடுப்பு வைத்த தொட்டி பாருங்கள்.

குலை ஏற்ற டிரெய்லர்தான் சரி. 420 இழுக்கக்கூடியது, டிரெய்லரும் சேர்த்து, 385 கிலோ. கொக்கியில் இறங்கும் பளு 14 கிலோவுக்குள் இருக்க வேண்டும், அதனால் குலையை டிரெய்லர் அச்சுக்கு மேலே பரப்பி அடுக்குங்கள். சரிவில் இறங்கும்போது முதல் கியரிலேயே இறங்குங்கள், டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும். படிவரிசையில் குறுக்காக டிரெய்லரோடு போக வேண்டாம்.

ஒற்றைச் சீட்டு வண்டி, பின்னால் ஆள் ஏற்றக் கூடாது. ஓட்டுபவர் உடம்பைச் சாய்த்துத்தான் இதைச் சமன்படுத்துகிறார், பின்னால் இன்னொருவர் இருந்தால் அந்த இடமே இல்லை. ஹெல்மெட் இல்லாமல் யாருக்கும் சாவி கொடுக்காதீர்கள்.


செம்மண்மேடு | சுங்கை சிப்புட்

மூச்சுக்குழாயில் குளவிக்கூடேதான். இரண்டு முறை கழுவியதில் பின் எண்ணெய் தெளிந்துவிட்டது. உறை, டை ராட் முனை மாற்றியாயிற்று. டை ராட் மாற்றியபின் சக்கரம் நேராக நிற்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? ஓடையில் நடுவே நின்றுவிட்டால் என்ன செய்வது? இன்னொன்று, எலி. கொட்டகையில் நிறைய.


ஸ்பேனர்14 | ஈப்போ

சக்கரம்: ஸ்டியரிங்கை நேராக வைத்து, இரண்டு முன் டயரின் நடுக்கோட்டிலும் ஹப் உயரத்தில் முன்னால் சாக்பீஸ் குறி. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளவு நாடாவால் அளங்கள். வண்டியைத் தள்ளி அதே குறிகள் பின்பக்கம் அதே உயரத்துக்கு வந்ததும் மறுபடி அளங்கள். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம் சர்வீஸ் புத்தகத்தில் உள்ளதோடு பொருந்தும்வரை இரண்டு டை ராடையும் சமமாகத் திருப்பி, லாக்நட்டை இறுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் திருப்பினால் ஸ்டியரிங் கோணலாக நிற்கும். சக்கர நட்டுகள் 65 நியூட்டன் மீட்டர், குறுக்கும் நெடுக்குமாக, ஒரு நாள் ஓட்டியபின் மறுபடி.

ஓடை: கால் வைக்கும் பலகைக்கு மேல் தண்ணீர் என்றால் இறங்கவே வேண்டாம். நின்றுவிட்டால் ஸ்டார்ட்டர் பட்டனைத் தொடாதீர்கள். சிலிண்டரில் தண்ணீர் இருக்கும்போது சுற்றினால், தண்ணீர் அழுங்காது, கனெக்டிங் ராட் வளையும். கயிறு கட்டி வெளியே இழுங்கள். ஏர்ஃபில்டர் பெட்டியின் அடிக்குழாயைத் திறந்து வடியுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதை அதன் வயரிலேயே மாட்டி ஃபிரேமில் தொடும்படி வைத்துவிட்டு, ஸ்டார்ட்டரைத் தட்டுங்கள், துளை வழியே தண்ணீர் வெளியே அடிக்கும். முகத்தை அங்கே வைக்க வேண்டாம். பிளக் காய்ந்ததும் எண்ணெயைப் பாருங்கள். பால் நிறம் என்றால் ஓட்டாதீர்கள், மலிவான எண்ணெய் ஊற்றி 5 நிமிடம் ஐட்லிங்கில் விட்டு வடியுங்கள், தெளியும்வரை திரும்பத் திரும்ப. ஃபோம் ஃபில்டரைக் கெரசினில் கழுவி, முறுக்காமல் பிழிந்து, காய்ந்தபின் ஃபில்டர் எண்ணெய் நனைத்துப் போடுங்கள்.


தாமரைமதகு | தெலுக் இந்தான்

எலி விரும்பும் இடம் ஏர்ஃபில்டர் பெட்டியும் சீட் அடியும்தான், வெதுவெதுப்பாக இருக்கும். காற்று இழுக்கும் வாயில் துருப்பிடிக்காத கம்பிவலை மாட்டுங்கள், வலைக்கண் 5 அல்லது 6 மில்லிமீட்டர் போதும், அதைவிடச் சின்னது சேற்றில் அடையும். செம்பனைக் கொட்டை சிந்திய ராக்கோடு வண்டியைக் கொட்டகையில் விடாதீர்கள். ஒரு வாரத்துக்கு மேல் நிற்கப் போகிறது என்றால் பேட்டரியின் கறுப்பு வயரைக் கழற்றி வைத்தால் வயர் கடிபட்டாலும் தீப்பொறி வராது. 12.2 காட்டிய பேட்டரியை மெதுவாக முழுக்கச் சார்ஜ் செய்து ஒரு இரவு விட்டுப் பாருங்கள். மறுநாள் 12.6க்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றிவிடலாம். இன்ஜெக்ஷன் வண்டி, சோர்ந்த பேட்டரியில் பம்பும் கம்ப்யூட்டரும் குழம்பி, இல்லாத குறையெல்லாம் காட்டும்.


செம்மண்மேடு | சுங்கை சிப்புட்

ஒரே ஒரு கேள்வி பாக்கி. பின் பிரேக் மிதித்தால் கரகரவென்று உரசும் சத்தம். ஓடை தாண்டியபின் கொஞ்ச நேரம் பிடிக்கவே இல்லை.


ஸ்பேனர்14 | ஈப்போ

அது டிரம்முக்குள் தண்ணீரும் மண்ணும். அந்த மாடலில் பின்னால் ஒரே டிரம், வலப்பக்கம், மூடி சீல் போட்டு அடைத்தது. அடியில் உள்ள வடிகாலைத் திறந்து பாருங்கள், சேற்றுத்தண்ணீர் வந்தால் மூடியைக் கழற்ற வேண்டியதுதான். ஷூவின் கனத்தையும் டிரம் உள்முகத்தில் வரிவரியாகக் கீறல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கீறல் நகத்தில் மாட்டினால் டிரம் கடைசல் பட்டறைக்குப் போக வேண்டும், எந்த விட்டம் வரை கடையலாம் என்று டிரம்மிலேயே பொறித்திருக்கும். மூடியின் பெரிய ஓ-ரிங் (ரப்பர் வளையம்), எக்சல் சீல் இரண்டையும் புதுசாகப் போட்டு, சீல் உதட்டில் கிரீஸ் தடவி மூடுங்கள். டிரம்முக்குள் கியர் எண்ணெய் தெரிந்தால் டிஃப்பின் அந்தப் பக்கச் சீலும் போயிருக்கிறது, ஷூவைக் கழுவிப் பயனில்லை, புதுசுதான்.

அதைத் திறந்ததும் ஒரு படம் போடுங்கள். எந்தச் சீல் ஒழுகியது என்று பார்த்துச் சொல்கிறேன்.